கஸ்தூரி கட்டிய சீட்டாட்ட வரி

என் ஓரகத்தி கஸ்தூரி சீட்டுக்கட்டைக் கையால் தொட்டவள் இல்லை. எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் ஆண்கள் மாடியில் ஜமுக்காளம் விரித்து ரம்மி போடுவார்கள். அவர்களுக்குக் காபி கொண்டுபோகச் சொன்னால்கூடத் தட்டை வாசல்படியிலேயே வைத்துவிட்டுத் திரும்பி வருவாள். அப்படிப்பட்டவள் சீட்டாடி ஆறு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் ஜெயித்தாள் என்று சர்க்கார் காகிதத்தில் இருக்கிறது. கீழே இருக்கும் கையெழுத்தும் அவளுடையதுதான். அவள் போடும்போது பக்கத்தில் நின்றவள் நான்.

ஊரில் அவளைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். கமுக்கமாக இருந்து லட்சக்கணக்கில் சேர்த்துவிட்டாள் என்று பாதிப் பேர். புருஷனை ஆடவிட்டு வேடிக்கை பார்த்தாள் என்று மீதிப் பேர். இரண்டும் தப்பு. எனக்கு அலங்காரமாக எழுத வராது. தெரிந்ததைச் சொல்கிறேன்.

கஸ்தூரி அடி அண்ணாமலையில் பிறந்தவள். அப்பாவுக்கு ஒரு ஏக்கருக்கும் கம்மியான நிலம், மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, போடுவார். பத்தாவது பாஸ் செய்திருந்தாள். 1989-ல் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்திலேயே சத்துணவு அமைப்பாளர் வேலை கிடைத்தது. அந்த வருஷம்தான் பிள்ளைகளுக்கு முட்டை போட ஆரம்பித்தார்கள். வந்து இறங்கும்போதே நாலைந்து முட்டை உடைந்திருக்கும். மற்ற ஊர்களில், இன்றைக்கு ஐந்து பிள்ளைகள் வரவில்லை என்று எழுதிவிடுவார்கள். இவள் தன் காசில் கடையில் வாங்கி வேக வைப்பாள். "ஏண்டி, உனுக்கு வர்ற சம்பளமே முட்டை சைஸ்லதான் இருக்குது" என்று நான் கேட்டிருக்கிறேன். "இல்லாத புள்ளைய இருக்குதுன்னும், இருக்குற புள்ளைய இல்லேன்னும் எழுதினா எனக்குக் கை நடுங்குதுக்கா" என்றாள். இந்தக் கை நடுக்கம்தான் பின்னால் அவளைத் தெருவில் நிறுத்தியது.

1991-ல் என் கொழுந்தனார் வேணுவுக்கு அவளைக் கட்டினார்கள். வேணு கெட்டவர் இல்லை. குடி கிடையாது, அடி கிடையாது. வாய் மட்டும் ஜாஸ்தி. எதை ஆரம்பித்தாலும் அடுத்த வருஷம் கார் வாங்கிவிடுவேன் என்பார். எஸ்டிடி பூத் வைத்தார். பங்காளியோடு தகராறு வந்தது, கொடுத்த செக் திரும்பியது, கோர்ட்டில் செக் கேஸ் விழுந்தது. அதோடு எந்த பேங்க்கிலும் அவர் பேரில் கணக்கு வைத்துக்கொள்ள பயம். பிறகு 2002-ல் செங்கம் ரோட்டில், ஆசிரமங்களுக்கு வரும் வெள்ளைக்காரர்களை நம்பி, ஒரு பிரவுசிங் சென்டர் போட்டார். ஆறு கம்ப்யூட்டர், நடுவில் ஒட்டுப்பலகைத் தடுப்பு, மணிக்கு முப்பது ரூபாய்.

குடியிருந்தது பே கோபுரத் தெருவில், ராஜம்மாள் வீட்டுப் பின்கட்டில். ஒரு ரூம், ஒரு சமையல் மூலை. வீட்டுக்காரம்மா தண்ணீர்க் குடத்தை எண்ணுவாள். அதுகூடப் பரவாயில்லை. கார்த்திகை தீபம் வந்தால் மூன்று நாளைக்குக் குடித்தனக்காரர்களைக் காலி பண்ணச் சொல்லுவாள். தீபத்துக்கு வரும் வெளியூர்க்காரர்கள் ஒரு ராத்திரிக்குக் கொடுக்கும் வாடகை இவர்கள் ஒரு மாசத்துக்குக் கொடுப்பதைவிட அதிகம். எங்கள் ஊரில் நிறைய வீடுகளில் நடக்கிற கூத்துதான் இது. கஸ்தூரி சட்டி பானையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, மகள் கவியாவை இழுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போவாள். திரும்பி வந்து பார்த்தால் அவள் பாயில் யாரோ படுத்து எழுந்திருப்பார்கள், அவள் சோப்பு கரைந்திருக்கும்.

"என் வீட்டுப் பூட்டு சாவி என் கையில இருக்கணும்க்கா. அது போதும்" என்பாள். வேறு ஆசை அவளுக்கு இருந்து நான் பார்க்கவில்லை.

2001-லேயே வேங்கிக்காலில் மூன்று சென்ட் மனை வாங்கியிருந்தாள். கலெக்டர் ஆபீஸ் பக்கம் அப்போதுதான் மனை பிரித்துக் கல் நட்டுக்கொண்டிருந்தார்கள். காதில் கிடந்ததைத் தவிர நகை எல்லாம் விற்றாள். மனை அவள் பேரில் பதிவானது. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போய் அந்த முள்ளுச்செடிகளைப் பார்த்துவிட்டு வருவாள். "இங்க சமையல் ரூம், இங்க கவியாவுக்கு ஒரு ரூம்" என்று காலால் கோடு போடுவாள். வெயில் மண்டையைப் பிளக்கும். எனக்குக் கோபம் வரும். ஆனாலும் போவேன்.

2004 கடைசியில் வேணு சீட்டாட ஆரம்பித்தார். நேரில் இல்லை, கம்ப்யூட்டரில். போக்கர் என்று பெயர். சென்டருக்கு வந்த எவனோ ஒரு வெள்ளைக்காரன் ஆடுவதைப் பின்னால் நின்று பார்த்துப் பிடித்துக்கொண்டார். அமெரிக்காவில் வேலை முடிந்து ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஆட உட்காருவார்களாம். அப்போது நமக்கு விடியற்காலை. அதனால் மனுஷன் காலை ஐந்தரைக்கெல்லாம் குளித்து விபூதி பூசிக்கொண்டு கிளம்பிவிடுவார். பார்க்கிறவர்கள் கிரிவலம் போகிறார் என்று நினைப்பார்கள்.

ஜெயித்தால் டாலரில் செக் வரும். செக் வர வேண்டுமானால் பேங்க் கணக்கு வேண்டும். தன் பேரில் முடியாது. கஸ்தூரிக்குக் கணக்கு இருந்தது. ஆகவே ஆட்டக் கணக்கையே கஸ்தூரி பேரில் திறந்துவிட்டார். அவளுக்கே தெரியாது. "கம்ப்யூட்டர் வேலை செஞ்சி குடுத்தேன், வெளிநாட்டுக்காரன் அனுப்பறான். உன் பேர்ல வாங்கிக்கோ. பொம்பள பேர்ல வந்தா டாக்ஸ் கிடையாது" என்று சொல்லியிருக்கிறார். எங்கள் ஊரில் இது ஒரு நம்பிக்கை. வீட்டில் இருக்கிற பெண் பேரில் பணத்தைப் போட்டால் சர்க்கார் அந்தப் பக்கம் திரும்பாது என்று எல்லா ஆண்களுக்கும் யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள்.

ஒரு நாள் காலையில் அவர் டிபன் டப்பாவை மறந்துவிட்டுப் போய்விட்டார். கொடுக்கப் போனவள் என்னையும் கூப்பிட்டாள். சென்டரில் அவர் மட்டும் இருந்தார். கம்ப்யூட்டரில் பச்சைத் துணி விரித்த மேஜை, சுற்றிலும் பெயர்கள், நடுவில் சீட்டு. ஒரு பெயர் இங்கிலீஷில் கஸ்தூரி என்று இருந்தது.

"இன்னாங்க இது, என் பேரு?" என்றாள்.

"இரு இரு, கை ஓடிக்கினு இருக்குது."

"கை இன்னா ஓடுது? இது சீட்டாட்டம்தான?"

"சீட்டாட்டம் இல்ல, கணக்கு. இது மூளைக்கு வேலை."

கீழே ஏதோ எழுத்து ஓடியது. அது என்ன என்று கேட்டேன். வேணு சிரித்தார். "ஒண்ணுமில்ல அண்ணி. டெக்சாஸ்ல இருக்குறவன் ஒருத்தன் கஸ்தூரிக்கு குட் ஈவினிங் சொல்றான். பொம்பளைன்னு நெனச்சிக்கினு கொஞ்சம் விட்டுக்குடுத்து ஆடறான்."

"வெக்கமா இல்ல உனக்கு? பொண்டாட்டி பேர வச்சிக்கினு ஊர்ல இருக்குறவன்கிட்டலாம் குட் ஈவினிங் வாங்கற."

"அண்ணி, போன மாசம் மட்டும் எம்பதாயிரம். அண்ணன் ஒரு வருஷத்துக்கு எவ்ளோ சம்பாதிக்கிறாரு, சொல்லுங்க."

என் வீட்டுக்காரர் ராமன் உர டெப்போவில் குமாஸ்தா. நான் வாயை மூடிக்கொண்டேன். வாயை மூடினது தப்பு.

கஸ்தூரி அன்றைக்கே சண்டை போட்டாள். மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நாலாம் நாள் அவர், "இந்தப் பணத்துல வீட்ட எழுப்பிடலாம் கஸ்தூரி" என்றார். அந்த ஒரு வார்த்தையில் அவள் விழுந்தாள். விழுந்தவளை நான் குறை சொல்லப் போவதில்லை. பன்னிரண்டு தீபத்துக்கு வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனவள் அவள்.

2005 சித்திரையிலிருந்து அடுத்த பங்குனி வரை செக் வந்துகொண்டே இருந்தது. பேங்க்கில் போட்டால் ஒரு மாசம் கழித்துப் பணமாகும். ஆன உடனே எடுத்துக்கொடு என்பார். ஆடுவதற்கு டாலர் வேண்டும். ரூபாயைக் கையில் வாங்கிக்கொண்டு ஆட்டக் கணக்கில் டாலர் ஏற்றிக் கொடுக்க ஒரு வெள்ளைக்காரன் இருந்தான். துண்டுச் சீட்டு கிடையாது, ரசீது கிடையாது. வந்த ஆறு லட்சத்து நாற்பதாயிரத்தில் ஐந்தே முக்கால் லட்சம் அந்த வழியாகவே திரும்பிப் போனது. கஸ்தூரி சண்டை போட்டுப் பிடித்து வைத்தது அறுபத்தைந்தாயிரம். அதை வைத்து மனையில் கடைக்கால் தோண்டி, கருங்கல் போட்டு, பேஸ்மெண்ட் வரைக்கும் எழுப்பினாள். 2006 பங்குனியோடு அவர் கை சுத்தமாக விட்டுப்போயிற்று. செக் நின்றது. சென்டர் கம்ப்யூட்டர்களில் இரண்டை விற்றார்.

பேஸ்மெண்ட்டோடு நின்ற வீட்டைப் பார்க்க எனக்கே பொறுக்கவில்லை. பேங்க் லோன் வாங்கலாம் என்று யோசனை சொன்னவள் நான்தான். பேங்க்கில், சத்துணவு சம்பளம் போதாது, வேறு வருமானம் இருந்தால் இன்கம்டாக்ஸ் ரிட்டர்ன் கொண்டுவாங்க என்றார்கள். ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கச் சடையனிடம் கூட்டிப்போனவளும் நான்தான். சடையன் தாலுகா ஆபீஸ் எதிரில் டைப்ரைட்டர் வைத்திருப்பவர். பத்திரமும் அடிப்பார், மனுவும் அடிப்பார், கேட்டால் ரிட்டர்னும் போடுவார். அதற்கு ஐந்நூறு ரூபாய்.

"சைடுல இன்னா தொழில்மா?" என்றார்.

"தொழில் ஒண்ணும் இல்லீங்க" என்றாள் கஸ்தூரி.

"ஒண்ணும் இல்லேன்னா லோன் எப்பிடிம்மா குடுப்பான்? தையலு, பாலு, டியூஷன். மூணுல எது வேணும்?"

ஓட்டலில் இட்லியா பொங்கலா என்று கேட்பது மாதிரி கேட்டார். கஸ்தூரி என்னைப் பார்த்தாள். நான், "பாலு போடுங்க" என்றேன். அவர் நாலு மாடு என்று அடித்தார். பொம்பளைகளுக்கு ஒரு லட்சத்து முப்பத்தைந்தாயிரம் வரை வரி இல்லை, அதனால் சம்பளத்தோடு பாலையும் சேர்த்து ஒரு லட்சத்து முப்பதாயிரம் வருமானம் என்று கணக்கு முடித்தார். லோனுக்குப் போதும், வரியும் இல்லை.

"அக்கா, மாடே இல்லியே" என்றாள் வெளியே வந்ததும்.

"லோன் வந்ததும் ஒண்ணு வாங்கிக்கோ" என்றேன். அப்போது சிரித்தோம்.

லோன் வருவதற்கு முன்னால் 2007 ஆடியில் நோட்டீஸ் வந்தது. ரிஜிஸ்டர் தபால். ராஜம்மாள்தான் முதலில் பார்த்தாள். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள். கவியா படித்துச் சொன்னாள். ரிட்டர்னில் சொன்ன வருமானத்துக்குக் கணக்கு வழக்கும், பேங்க் பாஸ் புத்தகமும் கொண்டுவர வேண்டும்.

சடையனிடம் ஓடினோம். பாஸ் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இதுல ஆறு லட்சம் வந்திருக்குது. என்கிட்ட சொல்லவே இல்லியே."

"நீங்க கேக்கவே இல்லியே" என்றேன்.

"எனக்கும் இதுக்கும் சம்பந்தமில்லம்மா. நான் அடிச்சிக் குடுத்தவன், அவ்ளோதான்." அப்படியே நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்.

இன்கம்டாக்ஸ் ஆபீசுக்குக் கிளம்பும்போது அவளுக்கு நான் பாடம் சொல்லிக்கொடுத்தேன். நாலு மாடு. இரண்டு ஜெர்சி, இரண்டு நாட்டு மாடு. காலையில் பன்னிரண்டு லிட்டர், சாயங்காலம் எட்டு. பஸ்ஸில் அவளும் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். அந்த ஆபீசர் நாற்பது வயசுக்காரர், அதட்டாமல் பேசினார். எங்களை உட்காரச் சொன்னார்.

"எத்தனை மாடும்மா?"

கஸ்தூரி கையை மடியில் வைத்துக்கொண்டாள். அந்தக் கை நடுங்கியதை நான் பார்த்தேன்.

"மாடே இல்லீங்க சார்."

நான் காலால் அவள் காலை மிதித்தேன். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"அப்போ இந்தப் பணம்?"

"எங்க வீட்டுக்காரர் கம்ப்யூட்டர்ல சீட்டாடி ஜெயிச்சதுங்க. என் பேர்ல ஆடிட்டாரு. அதுவும் எங்ககிட்ட இல்லீங்க. ஜெயிச்சத அதுலயே தோத்துட்டாரு. அறுபத்தஞ்சாயிரம் மட்டும் வீட்டுக் கடைக்கால்ல போட்டேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். கம்ப்யூட்டரில் சீட்டாட்டமா என்று கேட்டார். அவரும் அப்போதுதான் கேள்விப்படுகிறார் போல. கஸ்தூரி தனக்குத் தெரிந்த மட்டும் சொன்னாள். டெக்சாஸ்காரனை மட்டும் விட்டுவிட்டாள்.

கடைசியில் அவர் சொன்னார். "லாட்டரி, குதிரை ரேசு, சீட்டாட்டம், எல்லாத்துக்கும் ஒரே சட்டம்மா. ஜெயிச்சதுல நூத்துக்கு முப்பது வரி. பொம்பளைங்கன்னு கழிவு கிடையாது. ஒரு லட்சத்து முப்பத்தஞ்சாயிரம் வரைக்கும் இல்லங்கிற கணக்கெல்லாம் இதுக்கு வராது."

"தோத்தது சார்?"

"தோத்தது கழிக்க முடியாது."

"வந்தது கணக்கு, போனது கணக்கில்லீங்களா?"

"சட்டம் அப்படித்தாம்மா இருக்கு. ரசீது இருந்தாலும் கழிக்க முடியாது. உங்ககிட்ட ரசீதும் இல்ல."

நான் சும்மா இருக்கவில்லை. "சார், ஒருத்தன் அஞ்சு ரூவா போட்டு பத்து ரூவா எடுத்து, அந்தப் பத்தையும் வுட்டுட்டு வெறுங்கையோட வந்தா, அவன்கிட்ட இருந்து மூணு ரூவா கேப்பீங்களா?"

"கேப்போம்மா" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. அவருக்கே சொல்லக் கஷ்டமாக இருந்தது போலத்தான் தெரிந்தது. பிறகு ஒரு வழி சொன்னார். ஆடினது நான்தான், பணம் என்னுடையது என்று வேணு நேரில் வந்து எழுதிக் கொடுத்தால், அவர் பேரில் கேஸை மாற்ற முடியுமா என்று பார்க்கலாம். அப்படி மாறினால் கஸ்தூரிக்கும் மனைக்கும் வில்லங்கம் இல்லை. ஒரு வாரம் டைம் கொடுத்தார்.

அந்த ஒரு வாரத்தைப் பற்றி எழுதக் கை கூசுகிறது. வேணு என் கொழுந்தனார். என் கையால் சோறு தின்றவர். ஆனாலும் எழுதத்தான் வேண்டும். முதல் நாள் வருகிறேன் என்றார். இரண்டாம் நாள் வக்கீலைக் கேட்க வேண்டும் என்றார். மூன்றாம் நாள் என் வீட்டுக்காரர் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார்.

"ஆடினவன் நீ. நீ போய் எழுதிக் குடு" என்றார்.

"என் பேர்ல ஏற்கெனவே செக் கேஸ் கீதுண்ணா. இதுவும் சேந்தா புடிச்சி உள்ள வச்சிடுவான். அவளுக்கு ஒண்ணும் ஆவாது. பொம்பளைங்கள ஒண்ணும் பண்ண மாட்டான்."

"ஒண்ணும் பண்ண மாட்டானா? மனை போயிடும்டா."

"இன்னொரு மனை வாங்கலாம்ணா. ஆறே மாசம் டைம் குடுங்க."

கஸ்தூரி சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கெடு நாள் காலையில் வேணு சென்டருக்குப் போகிறேன் என்று போனார். பதினொரு மணிக்கு ஆபீசில் இருக்க வேண்டும். பத்தரை வரைக்கும் பஸ் ஸ்டாண்டில் நின்றோம். போன் அடித்தால் எடுக்கவில்லை. "வாக்கா, நாமளே போலாம்" என்றாள்.

அங்கே ஒரு வெள்ளைத்தாள் கொடுத்தார்கள். அவளுக்கு அழகான கையெழுத்து. சத்துணவு ரிஜிஸ்டரில் அரிசி, பருப்பு, முட்டை எழுதி எழுதிப் பழகியது. அதே குண்டு எழுத்தில், என் வங்கிக் கணக்கில் வந்த தொகை இணையத்தில் சீட்டாட்டத்தில் ஜெயித்தது, பால் வருமானம் என்று காட்டியது தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"சார், என் வேலைக்கு எதுனா வருமா?" என்று மட்டும் கேட்டாள். நாங்கள் யாருக்கும் எழுதிப் போட மாட்டோம் என்றார் அவர். எழுதிப் போடவும் இல்லை. அந்த வரைக்கும் நல்ல மனுஷன்.

உத்தரவு வர ஒரு வருஷத்துக்கு மேலாயிற்று. வரியும் வட்டியும் சேர்த்து இரண்டு லட்சத்து ஐம்பத்தாறாயிரம். பொய் ரிட்டர்ன் போட்டதற்கான அபராதம் தனி, அது பின்னால் வரும் என்று போட்டிருந்தது. அந்தப் பால் என் வாயிலிருந்து வந்த பால். முதலிலேயே சீட்டாட்டம் என்று காட்டி வரியைக் கட்டியிருந்தால் அபராதம் இருந்திருக்காது என்று ஆபீசர் சொன்னபோது கஸ்தூரி என் பக்கம் திரும்பவில்லை. திரும்பி நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். லோன் கேட்ட பேங்க்கும் கையை விரித்துவிட்டது.

மனையை விற்பதென்று ஆயிற்று. சென்னையில் வேலை பார்க்கும் ஒருவர், பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்தால் தங்க ஒரு வீடு கட்ட வேண்டுமென்று இடம் தேடிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் மூன்று சென்ட் மூன்றரை லட்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. பேஸ்மெண்ட் வேறு இருக்கிறது, இன்னும் ஐம்பதாயிரம் ஜாஸ்தியாகக் கேட்கலாம் என்று நான் கணக்குப் போட்டேன். அவர் கூடவே ஒரு வாஸ்துக்காரரைக் கூட்டி வந்தார். வாஸ்துக்காரர் கையில் காம்பஸ். பேஸ்மெண்ட் மேல் ஏறிச் சுற்றி வந்தார்.

"சமையல் ரூம் வடகிழக்குல வருது. இந்தம்மா ராசிக்குப் போட்ட கடைக்காலு. உங்களுக்கு ஆவாது சார். இடிச்சி அள்ளிட்டுப் புதுசாப் போடணும்."

"ராசியாவது ஒண்ணாவது. அவ காலால கோடு போட்டது அது" என்றேன்.

"அதான் பாருங்க" என்றார் வாஸ்துக்காரர்.

இடித்து, கல்லை அள்ளி, மண்ணைக் கொட்டும் செலவு எல்லாவற்றையும் விலையில் கழித்தார்கள். அவள் போட்ட அறுபத்தைந்தாயிரமும் போயிற்று, அதை இடிக்கிற கூலியும் அவள் தலையில்தான் விழுந்தது. இரண்டு லட்சத்து எழுபத்தைந்தாயிரம் என்று நின்றார். கஸ்தூரிக்கு வரி கட்டக் கெடு இருந்தது, அவருக்குக் கெடு எதுவும் இல்லை. அவ்வளவுதான் பேரம்.

ரிஜிஸ்தர் ஆபீசில் கட்டைவிரல் மையைத் தலையில் தடவிக்கொண்டே வெளியே வந்தாள். மறுநாள் பேங்க்கில் செலான் கட்டினோம். பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் லீவு சொல்லியிருந்தாள். மத்தியானம் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட வேண்டும் என்று பஸ் ஏறிவிட்டாள். அழுதாளா என்று கேட்டால் என் முன்னால் அழவில்லை.

அதன் பிறகுதான் வேடிக்கை. இன்கம்டாக்ஸ் நோட்டீஸ் வந்த வீடு என்றால் பணக்கார வீடு என்று எங்கள் ஊரில் அர்த்தம். ராஜம்மாள் ஒரு நாள் பின்கட்டுக்கு வந்து நின்றாள்.

"கஸ்தூரி, எண்ணூறு ரூவா வாடகை ரொம்பக் கம்மியா இருக்குது. வர்ற மாசத்துலேர்ந்து ஆயிரத்து இருநூறு குடுத்துடு."

"ஏம்மா திடீர்னு?"

"லட்சக்கணக்குல டாக்ஸ் கட்டறவங்க நானூறு ரூவாக்கு மொகத்த சுருக்கலாமா? இஷ்டமில்லேன்னா வீடு கட்டிக்கினு போயேன். மனை வாங்கிப் போட்டிருந்தியே."

விற்றது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

பள்ளிக்கூடத்தில் சமைக்கும் எல்லம்மாள், பெண் கல்யாணத்துக்கு ஐயாயிரம் கைமாற்று கேட்டாள். இல்லை என்று சொன்னதற்கு, "ஆறு லட்சம் ஜெயிச்ச கை, அஞ்சாயிரத்துக்கு வராதா?" என்று சொல்லிவிட்டு முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திவிட்டாள். இருபது வருஷம் ஒரே அடுப்பில் நின்றவர்கள். இப்போது சமையல்கட்டில் கரண்டிச் சத்தம் மட்டும்தான்.

அபராதம் ஒரு லட்சத்துத் தொண்ணூற்றைந்தாயிரம் என்று வந்தது. அப்பீல் போகலாம் என்று சிலர் சொன்னார்கள். அதற்கு ஆடிட்டர் கேட்ட பீஸைக் கேட்டு எழுந்து வந்துவிட்டோம். மனு எழுதிக் கொடுத்ததில் மாசம் மூவாயிரமாகக் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். அறுபத்தைந்து மாசம். அவள் சம்பளம் அப்படியே அதற்குப் போகிறது. சென்டரை மூடிவிட்டு வேணு ஒரு லாட்ஜில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருக்கிறார். அதில் வருவதுதான் சாப்பாடு, வாடகை, கவியாவின் படிப்பு. பன்னிரண்டாவது முடித்த பெண்ணைப் பக்கத்துக் காலேஜில் கிடைத்த பாடத்தில் சேர்த்திருக்கிறார்கள். அவள் கேட்டது வேறு.

போன மாசம் நான் அங்கே போயிருந்தபோது வேணு என் எதிரிலேயே கேட்டார். "கஸ்தூரி, ஒரு மாசத் தவணைய மட்டும் நிறுத்தி எனக்குக் குடு. மூவாயிரம். நான் மொத்த அபராதத்தையும் ஒரே மூச்சுல எடுத்துக் காட்றேன். இப்ப ஆட்டம் எனக்கு நல்லா புரிஞ்சிடுச்சி."

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பதில் சொன்னாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லுவது மாதிரி சொன்னாள்.

"நீங்க ஜெயிச்சா அதுல முப்பது கட்டணும்ங்க. தோத்தா அத எந்த ஆபீஸ்லயும் எழுதிக்க மாட்டாங்க. ரெண்டுலயும் எனக்குத்தான் நோட்டீஸ் வரும்."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அவள் தவணைப் பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, "வர்றியாக்கா, பேங்க் மூடிடுவான்" என்றாள். போனோம். செலானை அவளே நிரப்பினாள். என்ன வகை வரி என்ற இடத்தில் எந்தக் கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும் என்று அவளுக்கு இப்போது யாரும் சொல்ல வேண்டியதில்லை. வரிசையில் பின்னால் நின்ற ஒருவர், டை கட்டினவர், தன் செலானையும் நீட்டி அவளிடம் சந்தேகம் கேட்டார். சொல்லிக்கொடுத்தாள். "மேடம் எந்த ஆபீஸ்ல இருக்கீங்க?" என்றார் அவர்.

"சத்துணவுங்க" என்றாள்.

அன்றைக்குக் கட்டினது ஏழாவது தவணை.